பதினொன்று என்று ஒரு குரல்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை ஜெயந்தி வீட்டுக்கு வந்தாள். நான் ஓய்வுபெற்ற பள்ளியில் இப்போது உடற்கல்வி ஆசிரியை அவள்தான். சாரணியர் படையும் அவள் பொறுப்பில் இருக்கிறது. வாசலிலேயே செல்போனை நீட்டினாள்.

"டீச்சர், வரைபடம் பாத்து வழி கண்டுபிடிக்கிற பயிற்சியை மறுபடி ஆரம்பிக்கச் சொல்லிட்டாங்க. மைதானத்துக்குள்ளேயே நடத்தணுமாம். பாதுகாப்பு விதி எழுதியிருக்கேன். உங்க கண்ணுல ஒருக்கா பட்டுட்டா எனக்கு நிம்மதி."

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தேன். ஒன்றும் குறையில்லை. தொப்பி, தண்ணீர், முதலுதவிப் பெட்டி, பெற்றோர் கையெழுத்து எல்லாம் இருந்தன. மைதானத்தைச் சுற்றி நாலு பக்கமும் ஆளுயர மதில். "மதிலுக்குள்ள ஒரு பிள்ளை எப்படி ஆத்தா தொலையும்?" என்று கேட்டுவிட்டேன். ஜெயந்தியின் முகம் சுருங்கிப்போனது. எனக்கு வாய் எப்போதுமே கொஞ்சம் நீளம். ஓய்வு பெற்ற பிறகு இன்னும் வளர்ந்துவிட்டது. சமாதானத்துக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்தேன்.

"சரி, மலையில நீங்க என்ன விதி வச்சிருந்தீங்க? அதைச் சொல்லுங்க" என்றாள். சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் எழுந்து டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். மிச்சத்தை எழுதித் தருகிறேன் என்று அனுப்பிவைத்தேன். எழுத உட்கார்ந்தால் விதி விதியாக வரவில்லை. இப்படித்தான் வருகிறது.

மலைப்பாதைகளுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போவது நின்று வருடங்கள் ஆகின்றன. நின்றது சரியா தப்பா என்று என்னிடம் கேட்காதீர்கள். பிள்ளைகளின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் பயப்படுகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஏங்குவதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லையே. தோட்ட வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொள்ள விடியும் முன்பே ஜீப்புகள் எங்கள் தெருமுனையில் வந்து நிற்கும். அந்த ஹாரன் சத்தத்துக்கு நான் இன்றைக்கும் எழுந்து உட்கார்ந்து, கட்டிலுக்குக் கீழே ஷூவைத் தேடுகிறேன். கைக்குத் தட்டுப்படுவது மூட்டு வலித் தைலம்தான்.

என் தகப்பனாரை எங்கள் வீட்டு வழக்கப்படி அத்தா என்று கூப்பிடுவோம். போடி பஸ் ஸ்டாண்டு பக்கம் மளிகைக்கடை வைத்திருந்தார். உடற்கல்விப் பயிற்சி முடித்துவிட்டு நான் வேலைக்குச் சேர்ந்தபோது, கழுத்தில் விசில் மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தேன் என்று ஜமாத்தில் ஒருவர் அவரிடம் குறைப்பட்டுக்கொண்டார். அத்தா என்னைக் கூப்பிட்டு, "பள்ளிக்கூடத்துல எவ்வளவு வேணும்னாலும் ஊது. தெருவுல மட்டும் சட்டைக்குள்ள போட்டுக்க நூரு" என்றார். விசாரணை அத்தோடு முடிந்தது. அந்த விசில் முப்பது வருடத்துக்கு மேல் என் கழுத்தில் கிடந்தது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் தவமணி அக்காவின் கையில் அகப்பட்டேன். எங்கள் மாவட்டத்துச் சாரணியர் பயிற்சி முழுவதும் அவர் பொறுப்பு. ராசிங்காபுரத்து விவசாயக் குடும்பம். பருத்திச் சேலை, கான்வாஸ் ஷூ, ஆம்பிளைகள் பிடிக்கிற பெரிய கறுப்புக் குடை. 'மேடம்' என்று கூப்பிட்டால் காது கேட்காதவர் மாதிரி நடப்பார். 'அக்கா' என்றால்தான் திரும்புவார். பெரியவர் சின்னவர் பேதமில்லாமல் பெண்கள் எல்லோருமே அவருக்கு 'ஆத்தா'தான். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஒரு கேள்வி கேட்பார். பதில் வரும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். அதற்கு நாலு அறை வாங்கிக்கொள்ளலாம்.

முதல் பயிற்சி பொட்டிபுரம் பக்கத்துக் கரட்டில். வெறும் பாறையும் முள்ளும். எங்கே நின்றாலும் கீழே ஊர் தெரியும். "இங்க எதுக்குக்கா திசைகாட்டி? கண்ணை மூடிக்கிட்டே வீட்டுக்குப் போயிரலாமே" என்றேன். "தொலைய முடியாத இடத்துல மொத படி ஆத்தா. தொலையுற இடத்துக்கு அப்புறம் கூட்டிப் போறேன்" என்றார். இதை எழுதும்போதுதான் ஜெயந்தியின் மைதானத்தைக் கேலி பேசியது எனக்கு உறைக்கிறது.

தொலைகிற இடம் ஏலத்தோட்டம். வெளியூர்க்காரர்கள் சாலையிலிருந்து பார்த்துவிட்டு, என்ன அழகு என்று போய்விடுவார்கள். உள்ளே இறங்கினால்தான் தெரியும். மேலே பெரிய மரங்களின் நிழல், கீழே ஆள் உயரத்தைத் தாண்டிய ஏலத்தட்டைகள். வானமும் தெரியாது, மலை முகடும் தெரியாது. இந்த வரிசையும் அடுத்த வரிசையும் ஒன்றுபோல இருக்கும். வரைபடத்தில் ஒரு பாதை இருக்கும்; ஆனால் காய் பறிக்கிறவர்கள் ஒவ்வொரு தடவையும் தங்கள் வசதிக்கு ஊடே ஊடே புதுத் தடம் போடுவார்கள். பழைய தடம் ஒரே மழையில் மூடிக்கொள்ளும். போன மாதம் நடந்த பாதையை இந்த மாதம் நம்ப முடியாது.

அதனால் அக்காவிடம் முறைகள் இருந்தன. தோட்டத்துக்காரரின் அனுமதி வாங்கியாக வேண்டும். மருந்து அடித்த தோட்டத்துக்குள் பிள்ளைகள் மூச்சு விடக்கூடாது என்பதால், எந்தப் பக்கம் அடித்தார்கள் என்று முந்தின நாளே விசாரிக்க வேண்டும். தண்ணீர் குடித்தாயா என்று கேட்கக்கூடாது. கண்ணெதிரே குடிக்க வைக்க வேண்டும். பிள்ளைகள் ஜோடி ஜோடியாகத்தான் போக வேண்டும். ஒருத்தி ஒதுங்கப் போனால்கூட இன்னொருத்தி முதுகைத் திருப்பிக்கொண்டு அங்கேயே நிற்க வேண்டும். ஆசிரியை கடைசியில் நடக்க வேண்டும். "முன்னால போறவளுக்கு வழி தெரிஞ்சாப் போதும். பின்னால வர்றவளுக்குத்தான் எல்லாரையும் தெரியணும்" என்பார்.

மேகம் இறங்கினால் இறங்கின இடத்திலேயே உட்கார வேண்டும் என்பது பெரிய விதி. ஒரு அடிகூட நகரக்கூடாது. கழுத்துத் துணியை அவிழ்த்துத் தடத்தின் ஓரம் தெரிகிற மாதிரிக் கட்ட வேண்டும். மூன்று விசில், பிறகு சும்மா இருந்து காது கொடுக்க வேண்டும். நான் பின்னால் இருந்து ஒரே நீளமாக ஊதினால், எல்லோரும் நின்று வரிசையாகத் தங்கள் எண்ணைச் சொல்ல வேண்டும். பனிக்குள் முகம் தெரியாவிட்டாலும் குரல் வரும். ஒன்று, இரண்டு, மூன்று என்று முன்னாலிருந்து நடந்து வருகிற அந்தச் சின்னக் குரல்களைக் கேட்க எனக்கு அவ்வளவு பிடிக்கும். இப்போதும் தூக்கம் வராத நேரத்தில் எண்ணிப் பார்ப்பதுண்டு.

அந்தக் குரல்களை நம்பித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏமாந்தோம்.

மலைச்சாலை எல்லை தாண்டுகிற மெட்டுக்குக் கீழே, நம் பக்கத்துச் சரிவில் ஒரு தோட்டம். பதினாறு பிள்ளைகள். தோட்டத்தின் மேல்கோடியில் இறங்கி, வரைபடத்தைப் பார்த்து, ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோர் வரைக்கும் தாங்களே வழி கண்டுபிடித்து வர வேண்டும். ஸ்டோரில் அக்கா காத்திருப்பார். நான் கடைசி ஜோடிக்குப் பின்னால். பதினொன்றாம் எண் பேச்சியம்மாள், பன்னிரண்டு சுகன்யா. இரண்டு பேரும் எட்டாவது, ஹாஸ்டல் பிள்ளைகள். பேச்சி வாய் திறக்கமாட்டாள். அவளுக்கும் சேர்த்து சுகன்யா பேசுவாள்.

பாதி வழியில் மேகம் இறங்கியது. நான் நீளமாக ஊதினேன். முன்னாலிருந்து எண்கள் வந்தன. ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு. பதினொன்று கொஞ்சம் கீச்சென்று வந்தது. குளிரில் தொண்டை கட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பதினாறு வரை எல்லாம் சரியாக வந்தது. மேகம் கொஞ்சம் விலகியதும் நடக்கச் சொன்னேன்.

ஸ்டோர் வாசலில் அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்து உள்ளே அனுப்பினார். கடைசியாக நான் ஏறினேன். அக்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பேச்சி எங்க நூரு?"

"இப்பத்தானே எண் சொன்னா" என்றேன். உள்ளேயிருந்து சுகன்யா 'ஓ'வென்று அழுதாள். பிடித்து உலுக்கினதில் எல்லாம் வந்தது. பதினொன்று சொன்னது அவள்தான். வகுப்பில் வராத தோழிக்காக 'உள்ளேன் டீச்சர்' சொல்கிற அதே வித்தை. மலையில் அதைச் செய்வார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை.

"அவ அம்மா வீடு இந்தத் தோட்டத்துலதான் டீச்சர் இருக்கு. ரெண்டு மாசமா அம்மா ஹாஸ்டலுக்கு வரல. மொகத்த மட்டும் பாத்துட்டு, பின்வழியா உங்களுக்கு முன்னாடியே ஸ்டோருக்கு வந்துர்றேன்னு சொன்னா. சின்னப்புள்ளையில இருந்து நடந்த தடமாம் டீச்சர்."

பேச்சியின் அம்மா காளியம்மாள் அந்தத் தோட்டத்தில் காய் பறிக்கிறவர். தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டின லைன் வீடு ஒன்றில் அங்கேயே குடியிருப்பு. காய் பறிப்பு மும்முரமான காலம் என்பதால், பெற்றோர் வந்து பார்க்கிற ஞாயிறுகளில் இரண்டு தடவை அவரால் கீழே வர முடியவில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியாது. வரைபடத்தில் அந்த லைன் வீடுகள் சின்னச் சின்னக் கறுப்புச் சதுரங்கள், அவ்வளவுதான்.

தோட்டத்து மேற்பார்வையாளர் வர்க்கீஸ் சேட்டன் உடனே ஓர் ஆளை லைனுக்கு அனுப்பினார். அந்த ஆள் தனியாகத்தான் திரும்பி வந்தார். வீடு பூட்டிக் கிடந்தது. காளியம்மாள் காலை முதல் ஜீப்பிலேயே போடிக்குப் போய்விட்டார், மகளைப் பார்க்க. மகள் அம்மாவைத் தேடி மேலே ஏற, அம்மா மகளைத் தேடிக் கீழே இறங்கியிருந்தார். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். இங்கே பிள்ளை மனமும் பித்தாகத்தான் இருந்தது.

மறுபடி மேகம் இறங்கியது. முன்னைவிடக் கனமாக. காட்டுமாடு நடமாடுகிற சரிவு அது. வெளிச்சம் சீக்கிரம் போய்விடும். நான் குடையைக்கூட எடுக்காமல் ஓடப்போனேன். அக்கா என் கையைப் பிடித்தார்.

"நில்லு. மொத தண்ணி குடி."

"அக்கா!"

"குடி ஆத்தா. நீயும் தொலைஞ்சா ரெண்டு பேரைத் தேடணும்."

குடித்தேன். அவர் ஸ்டோர் போனை எடுத்து ஹாஸ்டலைக் கூப்பிட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. கொஞ்ச நேரத்தில் கிடைத்துவிட்டால் ஒருவருக்கும் தெரியவேண்டியதில்லையே என்று கெஞ்சினேன். "கெடைச்சா நல்ல சேதி சொல்லுவோம். கெடைக்கலைன்னா இந்த நேரத்த யாரு திருப்பிக் குடுப்பா?" என்று சொல்லிவிட்டு, போனில் நிறுத்தி நிதானமாகப் பேசினார். "ஒரு பிள்ளை பிரிஞ்சு போயிருச்சு. பேரு பேச்சியம்மாள். தேட ஆரம்பிச்சிட்டோம். மறுபடி கூப்பிடுறேன்." மறுமுனையில் வார்டன் கத்தியது எனக்கே கேட்டது. சொல்லாமல் போகிற பிள்ளைக்கு ஹாஸ்டலில் இடமில்லை என்பது விதி, கிடைத்தால் அப்படியே அம்மாவோடு அனுப்பிவிடுங்கள் என்றார். அந்த வராண்டாவிலேயே காளியம்மாள் ஒரு பையோடு உட்கார்ந்திருந்தார் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

பேச்சி உயிரோடு கிடைக்க வேண்டும். கிடைத்தாலும் அவள் படிப்பு போய்விடும். இரண்டையும் ஒரே நேரத்தில் நினைத்துப் பயந்தது எனக்கு நினைவிருக்கிறது.

அக்கா மற்ற பிள்ளைகளைச் சும்மா உட்கார விடவில்லை. ஒரு காலி டின்னைக் கொடுத்து, விட்டு விட்டுத் தட்டச் சொன்னார். தட்டிவிட்டு எல்லோரும் மூச்சைப் பிடித்துக் காது கொடுக்க வேண்டும். என்னோடு வர்க்கீஸ் சேட்டனையும் சுகன்யாவையும் அனுப்பினார். சுகன்யாவை நான் முறைத்ததைப் பார்த்துவிட்டு, "திட்டுறதுக்கு நாளைக்கு நாள் இருக்கு. பிரிஞ்ச இடம் அவளுக்குத்தான் தெரியும். கையப் பிடிச்சுக்கிட்டுப் போ" என்றார்.

கையைப் பிடித்துக்கொண்டு போனேன். பிரிந்த இடத்திலிருந்து லைன் பக்கம் இறங்கினோம். நான் ஊதுவேன், மூன்று பேரும் நிற்போம். மரத்திலிருந்து நீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்கும். "பேடிக்கண்டா டீச்சரே, குட்டி இவிடத்தான் எங்கயாவது இருக்கும்" என்று வர்க்கீஸ் சேட்டன் தேற்றிக்கொண்டே வந்தார். பயப்படாதே என்று சொல்கிறவரின் குரலிலேயே பயம் இருந்தால் என்ன செய்வது?

எத்தனையாவது தடவை ஊதினேனோ, எனக்குத் தெரியவில்லை. இடதுபக்கச் சரிவிலிருந்து மூன்று சின்ன விசில் வந்தது. சுகன்யா என் கையைக் கிள்ளிவிட்டாள். கொஞ்ச தூரத்தில் ஏலத்தட்டையில் கட்டின கழுத்துத் துணி ஈரத்தில் தொங்கியது. அதற்குப் பக்கத்தில் பெரிய பலா மரத்தடியில், முழங்காலைக் கட்டிக்கொண்டு பேச்சி உட்கார்ந்திருந்தாள். கால் முழுக்க அட்டை. உதடு வெளுத்திருந்தது.

அடிக்கத்தான் கையை ஓங்கினேன். அது எப்படியோ அவள் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. அவளைவிட நான்தான் அதிகம் அழுதேன். அவள் சொன்ன முதல் வார்த்தை, "அம்மா வீட்ல இல்ல டீச்சர். பூட்டிக் கெடக்கு" என்பதுதான். திரும்பி வருகையில் பழைய தடம் மூடிப்போயிருக்கிறது. புதுத் தடம் ஒன்றில் ஏறியிருக்கிறாள். மேகம் இறங்கியதும் அதே இடத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

பையில் மதியச் சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்காமல் இருந்தது. ஹாஸ்டல் எலுமிச்சைச் சோறும் ஒரு அவித்த முட்டையும். "பசிக்கலையாடி? ஏன் திங்கல?" என்றேன்.

"அம்மாவுக்கு, டீச்சர்."

ஸ்டோருக்குத் திரும்பியதும் அக்கா அவளை ஒன்றும் கேட்கவில்லை. அட்டைகளுக்கு உப்பு வைத்து எடுத்தார், உலர்த்துகிற அறையின் சூட்டில் உட்கார வைத்தார், கடுங்காப்பி கொடுத்தார். ஹாஸ்டலுக்குப் போன் போட்டு, கிடைத்துவிட்டாள் என்றார். காளியம்மாள் அதற்கு முன்பே ஜீப் பிடித்து மேலே கிளம்பிவிட்டார் என்றார்கள். மேகம் கலைந்ததும் எல்லோரும் கீழே நடந்தோம். சாலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு இறங்குகிற ஒத்தையடிப்பாதை அது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் சாலையில் வந்து ஏறும்.

அப்படி ஒரு வளைவில் ஏறியபோது, கீழேயிருந்து வந்த ஜீப் ஒன்று எங்களைப் பார்த்துப் பிரேக் போட்டது. பின்பக்கம் தொங்கிக்கொண்டு வந்தவர்களை விலக்கிக்கொண்டு ஒரு பெண் குதித்தார். செருப்பு ஒரு பக்கம் போனது. ஓடி வந்த வேகத்தில் மகளை வாரிக்கொள்வார் என்றுதான் நினைத்தேன். பேச்சியைத் தாண்டி வந்து அக்காவின் காலில் விழுந்தார்.

"தாயி, ஹாஸ்டல விட்டு அனுப்பிறாதீங்க தாயி. வார்டன் அம்மா எடமில்லன்னுட்டாங்க. எங்கூட மேல வந்தா காய் பறிக்கத்தான் போவா. நல்லாப் படிக்கிற புள்ள தாயி. இனிமே இப்படிச் செய்யமாட்டா. நான் வேணா வராமலே இருந்துக்கிறேன். அதுக்கு என் நெனப்பே இல்லாமப் போகட்டும்."

பேச்சி அம்மாவின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு மாதம் ஏங்கி, மேகத்துக்குள் உட்கார்ந்து, அவள் கண்ணுக்குக் கிடைத்தது அந்த முதுகுதான்.

அக்கா குனிந்து காளியம்மாளைத் தூக்கினார். "அத நாளைக்குப் பேசிக்கிருவோம் ஆத்தா. அது எம்பாடு. மொத உம் புள்ளையப் பாரு."

பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "எல்லாரும் வரைபடத்த எடுங்க. கெழக்க பாத்துத் திரும்புங்க. நூரு, நீயுந்தான்."

இந்த நேரத்தில் வரைபடமா என்று வாய் வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டேன். எல்லோரும் கிழக்கே திரும்பி வரிசையாக நின்றோம். ஜீப் டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு அவரும் பள்ளத்தாக்கைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். வண்டியில் இருந்தவர்களில் ஒருவர் "வெரசாப் போகணும்ணே" என்றதற்கு, "சும்மா இருய்யா" என்றார்.

"போடி எங்க இருக்கு? விரலை வை" என்றார் அக்கா. வைத்தார்கள். "ராசிங்காபுரம்?" வைத்தார்கள். "ரயில் ரோடு எங்க முடியுது? பொட்டிபுரம் கரடு எந்தத் திசை?" எங்கள் முதுகுக்குப் பின்னால் ஓர் அடி விழுகிற சத்தம் கேட்டது. அடுத்து இரண்டு பேரின் அழுகை. எது யாருடையது என்று பிரிக்க முடியவில்லை. "யாரும் திரும்பக்கூடாது. முந்தல் எங்க?" கொஞ்சம் கழித்துப் பொட்டலம் பிரிக்கிற சத்தம். "நீ தின்னு", "நீ தின்னும்மா". வரைபடத்தில் இருந்த ஊரெல்லாம் தீர்ந்துவிட்டது. அக்கா விடவில்லை. "எங்க தோட்டத்துக் கெணறு எங்க இருக்கு, சொல்லுங்க பாப்போம்." அக்கா வீட்டுக் கிணறு எந்த வரைபடத்தில் இருக்கும்? பதினைந்து பிள்ளைகளும் அதை மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். சுகன்யா தேடுவதாகப் பாவனை செய்துகொண்டு மூக்கை உறிஞ்சினாள்.

மறுநாள் தலைமையாசிரியை அறையில் வார்டன் விதியைச் சொன்னார். அக்கா மறுக்கவில்லை. "விதி எனக்கும் தெரியும். அவ ஒண்ண மீறினா. அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க. மத்ததையெல்லாம் காப்பாத்துனா. மேகம் எறங்குனதும் உக்காந்தா. துணியக் கட்டுனா. விசில் அடிச்சா. அதனாலதான் நாம இன்னைக்கு விதியப் பத்திப் பேசிக்கிட்டு இருக்கோம். இல்லைன்னா வேற எதையோ பேசிக்கிட்டு இருப்போம்." அந்த வருடம் முழுக்க பேச்சி மலைக்குப் போகக்கூடாது, ஹாஸ்டலில் இருக்கலாம் என்று தலைமையாசிரியை முடித்தார்.

அதற்குப் பிறகு எங்கள் முறையில் இரண்டு மாறின. குரலை வைத்து மட்டும் கணக்கு எடுப்பதில்லை. எண்ணோடு ஒவ்வொரு தலையையும் தொட்டுப் பார்ப்போம். இன்னொன்று, வழி போடுவதற்கு முன்பே ஒவ்வொரு பிள்ளையிடமும் அக்கா தனியாகக் கேட்பார்: "அங்கன உனக்கு யாரு ஆத்தா இருக்கா?" யாராவது இருந்தால் அந்த வீட்டு வாசலே ஒரு நிறுத்தமாகிவிடும். பிள்ளைகள் வரைபடத்தைப் பார்த்து அங்கே போய்ச் சேரும்போது, லைன் வீட்டு வாசலில் ஓர் அம்மா தலையை வாரிக்கொண்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த நிறுத்தத்தைத் தவறவிட்ட பிள்ளை ஒன்றுகூடக் கிடையாது.

அக்கா போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. பேச்சி பிளஸ் டூ வரை அந்த ஹாஸ்டலில்தான் படித்தாள். அப்புறம் எங்கேயோ கல்யாணமாகிப் போனாள். என்னைத் தேடி வந்ததில்லை. வர வேண்டும் என்று சட்டமா என்ன? ஆனாலும் கடைத்தெருவில் அந்தச் சாயலில் ஒரு முகம் போனால் என் கால் தானாக நின்றுவிடுகிறது.

இவ்வளவையும் எழுதி முடித்து, போன சனிக்கிழமை ஜெயந்தியிடம் கொடுக்க மைதானத்துக்கே போனேன். ஹாஸ்டல் பிள்ளைகள் ஆளுக்கொரு திசைகாட்டியோடு நின்றிருந்தார்கள். அக்கா கேட்ட கேள்வியை மட்டும் வாயால் சொன்னேன். "மதிலுக்குள்ள அது எதுக்கு டீச்சர்?" என்றாள் ஜெயந்தி. "கேட்டுத்தான் பாரேன்" என்றேன். அவளுக்கு என்ன தோன்றியதோ, பிள்ளைகளைப் பார்த்து, "உங்களுக்கு ரொம்ப வேண்டியவங்க எந்தத் திசையில இருக்காங்களோ, அந்தப் பக்கம் பாத்து நில்லுங்க" என்றாள்.

வரிசை கலைந்தது. திருப்பூர் பனியன் கம்பெனியில் அம்மா இருக்கிறவள் வடக்கே திரும்பினாள். ஒருத்தி மதுரை ஆஸ்பத்திரிப் பக்கம் பார்த்து நின்றாள். மஸ்கட்டில் அப்பா என்று ஒருத்தி கடல் எந்தப் பக்கம் என்று கேட்டாள். இன்னொருத்தி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மாறி மாறித் திரும்பிக்கொண்டிருந்தாள். அம்மா ஓர் ஊரில், அப்பா ஓர் ஊரில். ஜெயந்தி விசிலை வாயருகில் வைத்துக்கொண்டு ஊதாமல் நின்றாள்.

என் பக்கத்தில் நின்ற சின்னப்பிள்ளை என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "டீச்சர், நீங்க மலையைப் பாத்து நிக்கிறீங்களே, அங்க உங்களுக்கு யாரு இருக்கா?"

"இப்ப யாரும் இல்ல ஆத்தா" என்றேன். "அதான் பாத்துக்கிட்டு நிக்கிறேன்."